நோ சிக்னல் என்றது மானிட்டர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ‘கேபிள் லூஸா இருந்திருக்கும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் தினமும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள், எனக்குக் கேபிள் மாட்டத் தெரியாதா?

செமோர் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று ரொம்ப காலமாகிவிட்டது. மிச்சம் ஒரு கோயில் மண்டபமும் இடுகாடும்தான். என் அப்பா அங்கேதான் இருக்கிறார். அதையும் மட்டம் தட்டி வீடு கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. ஆட்சேபம் இருந்தால் ஆன்லைன் விசாரணைக்கு வாருங்கள், யாரும் வராவிட்டால் அன்றே முடிவு என்று நில அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மண்டபத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம் என்று தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். “வாரேன்லா”, “கண்டிப்பா வாரேன்கா” என்று வரிசையாகப் பதில்.

வந்தது மண்டபச் சாவி வைத்திருக்கும் சுப்ரா அண்ணன் ஒருவர்தான். நான் விரித்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவனவனுக்கு அப்பன் பாட்டன் அங்கே இல்லையா?

என் லேப்டாப் திரை உடைந்துபோனது, மானிட்டர் மாட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை நன்றாக இருந்த மானிட்டர், அதிகாரி பேச ஆரம்பித்ததும் கறுத்தது. நோ சிக்னல். கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், முனை மாற்றினேன், வேறு கேபிள் போட்டேன், மானிட்டர் பிளக்கையே உருவிச் செருகினேன், ம்ஹூம். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் விசாரணையிலிருந்தே விழுந்துவிடுவோம். போன் இல்லையா என்பீர்கள், அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாமே ஓடியது, தொடவே பயம். குரல் மட்டும் கேட்டது. கேமரா விளக்கு எரிந்தது.

“சவுண்டு வருதுல்ல தங்கச்சி, நீ பேசுலா,” என்றார் அண்ணன்.

அதற்குள் கம்பெனி ஆள், அந்த இடத்தைத் தேடி யாரும் வருவதில்லை என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாய் திறப்பதற்குள் அதிகாரி மலாயில் சொன்னார்: “மண்டபத்தில் பின்னால் நிற்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். ஒருவரை ஒருவர் மறைக்கிறீர்கள்.”

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். காலி நாற்காலிகள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை பேர் வந்திருக்கும்போது இன்றே முடிக்க முடியாது என்று அதிகாரி விசாரணையைத் தள்ளிவைத்தார். அவர் போனதும் மானிட்டர் தானாக எரிந்தது. கடையில் காட்டினேன், ஒரு கோளாறும் இல்லை என்றான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. தள்ளிவைத்த செய்தி பரவியதும் வராத மகராசர்களெல்லாம் “நம்ம ஒத்துமைதான்லா” என்று குரூப்பில் பீற்றிக்கொண்டார்கள். நான் திட்டிய திட்டில் அடுத்த விசாரணைக்கு அத்தனை பேரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மானிட்டரும் ஒழுங்காக வேலை செய்தது. கம்பெனி பின்வாங்கியது, இடுகாடு தப்பியது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த இரண்டாவது விசாரணை தொடங்குமுன் அதே அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையிலிருந்து எங்களை உற்றுப் பார்த்தார். அவர் கேட்டது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

“என்ன, இன்றைக்கு இவ்வளவு குறைவாக வந்திருக்கிறீர்கள்?”