கோல்ஃப் மைதானத்தில் அத்தையின் ஷூ

எங்கள் தெருவில் கோல்ஃப் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் கோல்ஃப் ஷூ தைத்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். தொண்ணூறுகளில் ஆம்பூர் அப்படித்தான் இருந்தது. அடியில் முள் வைத்த அந்த ஷூ எதற்கு என்று கேட்டால், "பணக்காரனுங்க புல்லு மேல நடக்கறதுக்கு" என்று பதில் வரும். அப்பா ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற படத்தைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து கொடுப்பது அவர் வேலை. புல்லில் நடப்பதற்கு எதற்கு முள் என்பது அவருக்கே வெகுநாள் சந்தேகமாக இருந்தது.

அந்த வருஷம் பெங்களூரில் பெரிய கோல்ஃப் போட்டி நடந்தது. பல நாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று கம்பெனியில் ஒரே பேச்சு. எங்கள் கம்பெனியில் ஷூ வாங்குகிறவர்கள் பாஸ் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர்கள் எடுத்தது போக மிச்சம் அப்பாவின் கைக்கு வந்தது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைக் காட்டி அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா, அத்தை, நான் என்று முடிவாயிற்று. கோல்ஃப் பார்க்கப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நானும் மூன்றாம் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன்.

அங்கே அத்தையைப் பெண் பார்க்க ஒருவர் வரப்போகிறார் என்பதை மட்டும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் வகுப்பில் சொல்லியிருப்பேன். அவர்கள் செய்தது சரிதான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. சிரிக்க ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. சின்ன வயதில் போலியோ வந்ததில் இடது கால் சூம்பிக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நடந்தால் தோள் ஒருபக்கம் இறங்கி ஏறும். எனக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. சிலருக்குச் சுருட்டை முடி, அத்தைக்கு இந்த நடை என்றுதான் நினைத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து கூடம் வரை அத்தை வெறுங்காலோடு நடந்து வருவாள். வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். பிறகு பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துகொள்வார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. ஒருமுறை அப்படி அவர்கள் போனதும் அத்தை அந்தக் காப்பி டம்ளர்களைத் தானே கழுவி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அதனால் அப்பா யோசித்தார். வருகிறவர் முதலில் அவள் பேசுவதைக் கேட்கட்டும், கால் விஷயத்தைப் பிறகு தானே சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் வீடு என்றால் செருப்பை வாசலில் விட வேண்டும். எங்கள் சர்ச்சிலும் அப்படித்தான். செருப்பைக் கழற்றச் சொல்லாத இடமாகப் பார்த்து எங்கே போவது? அப்போதுதான் அந்த பாஸ் வந்தது. கழற்றக்கூடாது, கட்டாயம் ஷூ போட்டுத்தான் வரவேண்டும் என்று அதன் பின்பக்கம் அச்சடித்திருந்தது. அப்பாவுக்கு அது கர்த்தர் காட்டிய வழியாகவே தெரிந்தது.

அதிலும் ஒரு சிக்கல். உயர்ந்த குதிகால் வைத்த செருப்புக்கு அனுமதி இல்லை என்றும் அதிலேயே போட்டிருந்தது. ஆகவே வெளியே பார்த்தால் தட்டையாகவும் உள்ளே இடது பக்கம் மட்டும் உயரமாகவும் ஒரு ஷூ வேண்டும். அப்பா வேலை முடிந்த பிறகும் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்து ஒரு ஜோடி வெள்ளை ஷூ செய்தார். இடது ஷூவுக்குள் கார்க்கைப் படிப்படியாகச் செதுக்கி ஒட்டி, மேலே மெத்தென்று தோல் போட்டு மூடினார். அத்தை அதைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடந்து காட்டினாள். தோள் இறங்கவே இல்லை. அம்மா கையைத் தட்டினாள்.

"இன்னாண்ணா, என்னையும் சாம்பிள் ஆக்கிட்ட?" என்றாள் அத்தை. சொல்லும்போது சிரித்தாள். எனக்கென்னவோ யாரோ வேறு வீட்டு அத்தை நடப்பதுபோல இருந்தது, பிடிக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு அப்பா யார் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ராணிப்பேட்டைக்காரர். வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கம்பெனி கம்பெனியாகப் போய் ஷூக்களைச் சோதிக்கிற வேலை. ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டியோடு திருப்பிவிடுவார். அவர் வருகிறார் என்றால் அப்பாவின் கம்பெனியில் தண்ணீர் குடிக்கக்கூடப் பயப்படுவார்கள். "நல்ல மனுஷன்தான், கண்ணுதான் ஜாஸ்தி" என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். உலகத்தில் வேறு ஆள் கிடைக்காமல் அவரிடம் போய் இந்த ஷூவைக் காட்டத் துணிந்தார் என்றால், தங்கை மேல் அவருக்கு எவ்வளவு பாசம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானத்து வாசலில் அவரும் அவருடைய அம்மாவும் காத்திருந்தார்கள். அந்த அம்மா பட்டுப்புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக, கையில் ஒயர் கூடையோடு நின்றார். அத்தையும் பட்டுப்புடவை, வெள்ளை ஷூ. சுற்றிலும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை முதலில் அத்தையின் ஷூவைத்தான் பார்த்தார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அது பழக்கம். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார். ஷூ தேறிவிட்டது என்று அப்பாவுக்கு நிம்மதி.

உள்ளே போனதும் எனக்குப் பெரிய ஏமாற்றம். மைதானம் என்றால் கிரிக்கெட் மாதிரி ஒரே இடத்தில் இருக்கும், கத்தலாம், விசிலடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இதுவோ ஓர் ஊர் அகலத்துக்குப் புல். ஆம்பூரில் எப்போதும் மூக்கில் இருக்கும் தோல் ஊறுகிற வாடை இல்லாமல் காற்றே ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. ஒருவர் பந்தை அடித்தார். 'டொக்' என்று சத்தம் கேட்டது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பந்து எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை, பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் எல்லோரும் விரல் நுனியால் மெதுவாகக் கைதட்டினார்கள்.

அப்பாவின் திட்டப்படி கடைசிக் குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பலகை வரிசையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. "இம்மாந்தூரம் வந்துட்டு ஒரே எடத்துல குந்திக்கினு இன்னாத்த பாக்கறது? அவங்க பின்னாடியே போய்ப் பாக்கலாம்" என்று அந்த அம்மா கிளம்பிவிட்டார். கயிறு கட்டிய ஓரமாக, ஆட்டக்காரர்களின் பின்னால் ஊர்வலம் போலக் கூட்டம் நடந்தது. அத்தை என் தோளில் கைவைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை இன்னொரு பக்கம் வந்தார். லேபில் ஊசியைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்த ஒரு போலீஸ்காரரின் கதையை அத்தை சொல்ல, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா பின்னால் வந்தபடி அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

புல்லெல்லாம் பனி. ஷூக்கள் நனைந்தன. கொஞ்ச தூரம் போனதும் அத்தையின் இடது ஷூ கிறீச்சிட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஒவ்வொரு அடிக்கும். அவள் பேச்சு குறைந்தது. என் தோளில் இருந்த பிடி இறுகியது.

குழி வெட்டிக் கொடி நட்டிருந்த ஓரிடத்துக்கு வந்தோம். செம்பட்டைத் தலை வெள்ளைக்காரர் ஒருவர் பந்துக்கு மேல் குனிந்து நின்றார். உள்ளே தள்ளிவிட்டால் அவர்தான் முன்னிலையாம். ஒரு காவல்காரர் 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தார். அவ்வளவு கூட்டமும் நடந்த நடையில் அப்படியே நின்றுவிட்டது. அத்தை மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டாள். வலது காலில் நின்றிருந்தாள், இடது கால் அந்தரத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் ஒற்றைக்காலில் நிற்க முடியும்? இடது காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கிறீச்.

வெள்ளைக்காரர் நிமிர்ந்துவிட்டார். கூட்டம் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. பலகைக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு ஆளைத் தேடினார். அப்பா பனிக்காலத்திலும் வேர்த்துப்போய் நின்றார். அப்போது மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

"சாரி சார். மை ஷூ" என்றார்.

பலகைக்காரர் அவரை நோக்கி விரலை ஆட்டினார். வெள்ளைக்காரர் மறுபடி குனிந்து தட்டினார். பந்து குழியின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது. கூட்டம் 'ச்சே' என்று மாப்பிள்ளையைத்தான் பார்த்தது. ஒரு தொப்பிக்காரர் கன்னடத்தில் ஏதோ திட்டினார். நிச்சயம் நல்ல வார்த்தையாக இருக்காது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அத்தை அந்தச் சரிவிலேயே உட்கார்ந்தாள். இரண்டு ஷூக்களையும் கழற்ற ஆரம்பித்தாள். அப்பா ஓடி வந்தார். "போட்டுக்கம்மா, ஈரமா இருக்குது" என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

"வேணாண்ணா. எனக்காக அவரு திட்டு வாங்கறாரு" என்றாள் அத்தை.

எழுந்து, தோள் இறங்கி ஏற, எப்போதும் நடக்கிறபடி புல்லில் நடந்து போய் மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் எதிரில் நின்றாள். "சத்தம் என்னுதுங்க. சின்னதுலருந்தே கால் இப்படித்தான். அண்ணன் மறைக்கணும்னு பண்ணல, அப்புறமா சொல்லலாம்னு இருந்தாரு."

மாப்பிள்ளை கை நீட்டி இடது ஷூவை வாங்கினார். கம்பெனியில் செய்வதுபோலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டு அழுத்தினார். அப்பாவுக்கு உயிரே போய்விட்டது.

"கார்க் ஒட்டுன பசை காயறதுக்குள்ள மூடிட்டீங்கண்ணா, அதான் கத்துது. வேலை சுத்தமாத்தான் இருக்குது. வாசல்ல பாத்தப்பவே உள்ள என்னமோ வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "நடக்கறப்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"வெறுங்கால்ல வலிக்காதுங்க. இத போட்டாதான் வலிக்குது" என்றாள் அத்தை.

மிச்ச ஆட்டத்தை அத்தை வெறுங்காலோடுதான் பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சத்தம் வராததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அவளுக்கு இப்போது என் தோள் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார். ஷூ ஜோடி அவர் கையிலேயே இருந்தது. "பாத்து வாம்மா, முள்ளு கிள்ளு இருக்கப் போவுது" என்று மட்டும் அந்த அம்மா ஒருதரம் சொன்னார். மத்தியானம் மரத்தடியில் பொட்டலம் பிரித்தபோது அப்பா சாப்பிடவில்லை, பசியில்லை என்றார்.

சாயங்காலம் வாசலில் பிரியும்போது அந்த அம்மா அப்பாவிடம் கும்பிட்டுச் சொன்னார்: "சொல்லி அனுப்பறோங்க."

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் காரணம் தெரியவில்லை. கோல்ஃப் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ரயிலில் அப்பா தலையைக் குனிந்தபடியே வந்தார். குப்பம் ஸ்டேஷன் தாண்டும் வரை நானும் அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று முந்தின வாரம்தான் சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்திருந்தேன்.

"அத்தை, அவரு ஷூ கத்தவே இல்லையே. அவரு ஏன் பொய் சொன்னாரு?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வருவாரு. அவரையே கேளு."

அப்பா நிமிர்ந்தார். "அந்தம்மா சொல்லி அனுப்பறோம்னுதானே சொன்னாங்க?"

"அவங்க அப்படிச் சொன்னாங்க. இவரு, அம்மாவையும் கூட்டிக்கினு காப்பி குடிக்க வர்றேன்னாரு." பிறகு, "காப்பிய நானே எடுத்தாரேண்ணா, அண்ணிய எடுத்தாரச் சொல்லாத" என்றாள்.

அப்பா தங்கையின் தலையில் ஒருமுறை கைவைத்து எடுத்தார். பிறகு பைக்குள் துழாவி, மத்தியானம் தொடாத எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். இவ்வளவு பசியை வைத்துக்கொண்டு மரத்தடியில் ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போய்வந்தும் போட்டியில் ஜெயித்தது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது அதையும் கேட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஷூ விஷயத்திலேயே அத்தனை பேருக்கு முன்னால் பொய் சொன்ன மனிதர், கோல்ஃப் விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.