பக்க வருமானம் என்று சொல்லாதீர்கள்

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் நான் சேலை விரித்துப்போட்ட காலத்தில், என் ஒற்றைச் சம்பளத்தில் வாடகை போக ஐந்து பேர் சாப்பிட்டு, ஓணத்துக்குப் புதுத்துணியும் எடுத்தோம். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். அரிசி மலிவாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் மூன்றே பேர், மூவருக்கும் வேலை. மகன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், வீட்டிலிருந்தே வேலை. நான் கடைசியாக ஒரு மாதத்துக்கு வாங்கிய சம்பளத்தை அவன் ஒரு வாரத்தில் சம்பாதித்துவிடுவான். அவன் சம்பளம் வந்த அன்றே பைக்குக்கும், இன்னும் கூரை போடாத ஒரு பிளாட்டுக்கும் தவணையாகப் போய்விடும். நாங்கள் சாப்பிடுவது என் மனைவி அரைத்து விற்கும் தோசைமாவில். அதைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் டெலிவரிப் பையன் நான். வழுக்கை விழுந்தபின் கிடைத்த பதவி உயர்வு.

இதைச் சொந்தக்காரர்கள் 'பக்க வருமானம்' என்பார்கள். எந்தப் பக்கம் என்று கேட்க நாக்கு துடிக்கும். அரிசி, கேஸ், கரண்ட் பில், என் பிரஷர் மாத்திரை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

போன மாதம் மகனுக்கு முக்கியமான மீட்டிங். கிரைண்டர் சத்தம் அமெரிக்காக்காரனுக்குக் கேட்கிறதாம். "ஒரு கம்பளியப் போட்டு மூடுங்கப்பா" என்றான். படித்தவன் சொல்கிறானே என்று கம்பளியைச் சுற்றினேன். போதாதென்று என் போர்வையையும் கட்டினேன். மீட்டிங் அமைதியாக நடந்தது. மோட்டார் உள்ளேயே கருகியது.

மறுநாள் மாவு இல்லாமல் கடைக்குப் போய் நின்றேன். "அண்ணே, நாளைக்கும் வரல்லன்னா வேற ஆளுகிட்ட மாவு எடுப்பேன், கேட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

மகனிடம் மோட்டாருக்குப் பணம் கேட்டேன்.

"தவணை போக ஒண்ணும் இல்லப்பா. சைடு இன்கம்தானே, ரெண்டு நாள் நின்னா என்ன?"

எனக்கு வந்த கோபத்தில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்டி முடிப்பதற்குள் மனைவி அவனிடம் பேசிவிட்டாள்.

"மக்களே, ஒனக்கு வேல நின்னாலும் இங்க ஒல கொதிக்கும். எனக்க கிரைண்டர் நின்னா நீ என்னத்தத் திம்ப?"

அன்றே சீட்டுப் பணத்தை எடுத்துப் புது மோட்டார் போட்டாள். சூடேறாத இடத்தில் வைக்கச் சொன்னார் மெக்கானிக். கிரைண்டர் மகனுடைய ஏசி அறைக்குப் போனது.

"பின்ன எனக்க மீட்டிங்கு?"

"மாடிப்படியில நல்ல காத்து வருது, போ."

இப்போது அவன் படியில் உட்கார்ந்து அமெரிக்காவோடு பேசுகிறான். மாவுப் பையோடு நான் இறங்கும்போது, "மிண்டாதீங்கப்பா" என்று வாயைப் பொத்திக் காட்டுகிறான். நான் அவன் பக்கத்தில் நின்று, மேலே இருக்கும் மனைவியைப் பார்த்துக் கத்துகிறேன்.

"ஏட்டி, இன்னைக்கு எத்தன பாக்கெட்டு?"

அவள் அதைவிட உரக்கச் சொல்கிறாள்.