என்னைப் போன்றவளுக்கு ஒரு பெயர்

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாமல் போயிற்று. காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள் நான். அசல் பட்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் இழையை எரித்து, மோந்து பார்த்துச் சொல்வது எங்கள் வழக்கம்; அசல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், வாசனை தெரிவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அரபி ஆசிரியை ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். இழையை எரித்து முகர்ந்து, "சுத்தமான பட்டுக்கா" என்று சிரித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு வாசனை தெரியாதாம்மா? முடி கருகற நாத்தம் அடிக்குது, நீ சிரிச்சிக்கினு இருக்கியே!"

முதலாளி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லமாட்டேன்மா. அரபியில உன்ன மாதிரி பொண்ணுக்கு ஒரு வார்த்தையே இருக்குது. கஷ்மா."

பயத்தை மீறி ஆர்வம் வந்துவிட்டது. "வாசனைக்கும் நிறைய வார்த்தை இருக்குதாக்கா?"

"காத்துல லேசா வந்துட்டுப் போறது நஃப்ஹா. எங்கயும் கமகமன்னு பரவுறது அரீஜ்."

கண் தெரியாதவர், காது கேளாதவர்போல எனக்கும் ஒரு பெயர். அப்படியானால் என்னைப் போன்றவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் அன்றே முதலாளியிடம் சொன்னேன். "கஸ்டமர் கையில குடும்மா, அவங்களே மோந்து பாக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது இழையை நீட்டிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கோழி இறகு பொசுங்குகிற மாதிரி என்பார்கள். நேற்று வயதான ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "எங்க கல்யாணத்துல அவ முந்தானையில ஹோமத் தீ பட்டுச்சு. அதே வாசனைமா."

மூக்கு நன்றாக இருந்தபோது இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.