மேசை பிடிச்சாச்சு!

கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றி, கோப்பையை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, ரிக்மோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. வந்தவர் கோப்பையை எங்கே வைக்கிறார் என்பது ஜன்னல் கண்ணாடியில் தெரியும். வந்திருப்பது மேசை வாங்க வந்த ஆள். எதிரே இருப்பது அறுபது வருஷத் தேக்கு மேசை. கை சுட, கோப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றியபடி அந்த ஆள் தவிப்பார். கடைசியில் கேட்டுவிடுவார்:

"அடியில வைக்க ஏதாவது இருக்கா?"

"மேசை வித்துப் போச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். காபிய குடிச்சிட்டுப் போ."

இப்படி ஒரே மாதத்தில் ஏழு பேர் வந்து, காபி குடித்து, வெறுங்கையோடு படியிறங்கினார்கள். எதிர் அறைக்காரன் என்ற முறையில் நான் ஏழு பேரையும் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் கோப்பையைத் தன் தொப்பி மேல் வைத்தார்.

இந்தப் பெண்மணி பெயரின் பின்பாதியில் மோர் இருக்கிறது. இந்த ஊர்ப் பாஷையில் மோர் என்றால் அம்மா. முப்பத்தெட்டு வருஷம் இங்கே குப்பை கொட்டியும் என் காதில் அது மோராகத்தான் விழுகிறது. ஆளிடம் அந்தக் குளிர்ச்சி கிடையாது, புளிப்பு நிறைய உண்டு. வயது எழுபத்தெட்டு. ஸ்வென்போர் நகரப் பேருந்தை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். இப்போதும் நான் கதவைத் திறந்தால் "உள்ள நகரு, வாசல்ல நிக்காத" என்றுதான் வரவேற்பு. அறையில் நகர இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இடம் இல்லாததற்கு மேசைதான் காரணம். மேல்பலகைக்கு அடியில் இரண்டு பலகைகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு முனையிலும் இழுத்தால் வெளியே வந்து சமமாக உட்கார்ந்துகொள்ளும். நாலு பேர் மேசை பத்துப் பேர் மேசையாகிவிடும். நடுப்பலகை வெயில் பட்டு வெளுத்திருக்கிறது. இழுப்புப் பலகைகள் கருத்திருக்கின்றன. மூன்றிலும் கோப்பை வட்டங்கள். எந்த வட்டம் யாருடையது என்று ரிக்மோருக்குத் தெரியும். முதியோர் குடியிருப்பின் இந்த ஒற்றை அறையில் இரண்டு பலகையையும் இழுத்துவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கித்தான் நான் உள்ளே போவது.

மூடி வைத்தால் தீர்ந்தது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கணவர் ஹோல்கரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மருமகன் உதவி செய்வதாக நினைத்துப் பலகைகளை உள்ளே தள்ளினானாம். "இனிமே தனி ஆள்தானே, எதுக்கு இவ்ளோ பெரிசு" என்றானாம். ரிக்மோர் கறுப்பு உடுப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் திரும்ப இழுத்தார். அதற்குப் பிறகு பதினாறு வருஷமாக அவை உள்ளே போனதில்லை. காலையில் தனியாக உட்கார்ந்து ரை தானிய ரொட்டியும் ஊறுகாய் மீனும் சாப்பிடும்போதும் மேசை முழு நீளத்தில் இருக்கும். "தனி ஆள்னு யார் சொன்னது? நான் உக்காந்திருக்கேன், மத்தவங்க இன்னும் வரல. அவ்ளோதான்." என் அறையில் இருப்பது ஒரு நாற்காலி.

வியாழக்கிழமைகளில் விஸ்ட் என்ற சீட்டாட்டம். நாலு கை வேண்டும். ரிக்மோர், நான், மீன் கடை வைத்திருந்த ஹால்ஃப்டான், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஓர்லா. ஆட்டத்துக்கு இந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. சீட்டு மேசையைத் தொட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. "மேசை பிடிச்சாச்சு!" என்று மற்றவர்கள் கத்திவிடுவார்கள், அதற்கு மேல் அப்பீல் இல்லை. எங்கள் ஊர் முந்நூற்று நாலு சீட்டாட்டத்தில் கொஞ்சம் கெஞ்சினால் விட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் ஒருமுறை இஸ்பேட் ராஜாவைத் திரும்ப எடுக்கப் போய், ரிக்மோரிடம் கை மேல் அடி வாங்கியிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஓர்லா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பீர் குப்பியின் வட்டங்கள் வடக்குப் பக்க இழுப்புப் பலகையில் சங்கிலி மாதிரி கிடக்கின்றன. அவர் கைச் சீட்டை இப்போது திறந்து வைத்து, ரிக்மோரே ஆடுகிறார். தோற்றால் "ஓர்லா, உனக்கு மூளையே கிடையாது" என்று காலி நாற்காலியைத் திட்டுகிறார்.

அடுத்த மாதமே போடில் வந்தாள். குடியிருப்பின் நிர்வாகி, நாற்பது வயது, கெட்டவள் அல்ல. ஆபத்து என்றால் ஸ்ட்ரெச்சர் உள்ளே வர வேண்டும், கதவு முழுதாகத் திறக்க வேண்டும், அது விதி என்றாள்.

"பலகைய மூடு ரிக்மோர். மூடிட்டா மேசை இங்கயே இருக்கலாம்."

"மூடினா அது மேசையில்ல, பெட்டி."

"அப்போ மாசக் கடைசிக்குள்ள வித்துடு. இல்லன்னா நானே எடுக்க வைக்கணும்."

"விளம்பரம் போடறேன். ஆனா யாருக்குக் குடுக்கறதுன்னு நான்தான் சொல்லுவேன். அடியில வைக்க எதுவும் கேக்காம, பயப்படாம, கோப்பைய யார் வைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்."

"யாரா இருந்தாலும் சரி, கொடுத்துடு" என்றாள் போடில், தலைவலியோடு. ஹால்ஃப்டானும் நானும் சாட்சி. விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டதும், அதில் "கறைகளோடு" என்று பெரிய எழுத்தில் சேர்த்ததும் இப்படித்தான். இங்கே மந்திரியையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். ரிக்மோர் வாயில் அந்த நீ இன்னும் கொஞ்சம் கூர்மை.

எட்டாவதாக வந்தவன் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி. வந்ததும் வராததுமாகத் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு மேசைக்கு அடியில் நுழைந்தான். செய்தவனின் முத்திரையைத் தேடுகிறானாம்.

"பிரேக் எல்லாம் சரியா இருக்கா?" என்று ரிக்மோர் குனிந்து கேட்டார்.

வெளியே வந்தவன் முகத்தில் முத்திரையைக் கண்ட சந்தோஷம். அவர் விளம்பரத்தில் கேட்டதைவிட மூன்று மடங்கு தருவதாகச் சொன்னான். "இந்த வட்டமெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல. தேய்ச்சுட்டா ஒரே நாள்ல போயிடும்" என்று ஓர்லாவின் சங்கிலி மேல் விரலை ஓட்டினான். ரிக்மோர் அவனுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து, பாதிதான் திறந்தது, "அடுத்த நிறுத்தம் வந்துருச்சு, இறங்கு" என்றார்.

நேற்று மாதத்தின் கடைசி நாள், வியாழன். பத்து மணிக்கு மேசையை எடுத்துப்போகக் கீழே வண்டி வந்து நின்றது. ரிக்மோர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைக் கலைத்து, அடுக்கி, மறுபடி கலைத்துக்கொண்டே இருந்தார். போடில் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தாள். ஒரு கக்கத்தில் கோப்பு, ஒரு கையில் வராந்தா இயந்திரத்துக் காபி.

"ரிக்மோர், எனக்கு வேற வழியே இல்ல. ரெண்டு பேர் கீழ நிக்கிறாங்க."

"தெரியும். நிக்கட்டும்."

அப்போது போடிலின் தொலைபேசி அடித்தது. கீழே நின்ற ஆட்கள்தான். அதை எடுக்க வேண்டி, கையிலிருந்த கோப்பையை அவள் டக்கென்று வடக்குப் பலகையில் வைத்தாள். அடியில் ஒன்றும் இல்லை. யாரையும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

ஹால்ஃப்டான்தான் முதலில் கத்தினார்: "மேசை பிடிச்சாச்சு!"

போடில் முழித்தாள். பிறகு புரிந்து, கோப்பையைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத" என்றார் ரிக்மோர். "வெச்சது வெச்சதுதான். யாரா இருந்தாலும் சரின்னு நீதானே சொன்ன? இது இப்போ உன் மேசை. உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"என் வீட்ல எங்க இடம்?"

"அப்போ இங்கயே இருக்கட்டும். உன் மேசை, உன் கதவு, உன் விதி. நீயே பேசித் தீர்த்துக்க."

போடில் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. தொலைபேசியில் இன்னும் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்று அவர்களிடம் சொன்னாள். கோப்பையை நகர்த்திப் பார்த்தாள். அடியில் புதிதாக ஒரு வட்டம், ஓர்லாவின் சங்கிலியை ஒட்டி, இன்னும் ஈரமாக. அவள் சட்டைக் கையால் அதைத் துடைக்கப் போனாள்.

ரிக்மோர் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மேசைக்கு அடியில் வலது காலை நீட்டி, பிரேக்கை மிதிக்கிற அதே காலால், ஓர்லாவின் காலி நாற்காலியை அவள் உட்கார வெளியே தள்ளினார்.