முதுகு டாக்டர்

அந்தத் தெருவில் அவளை முதுகு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். முதுகுவலிக்குப் பேர்போனவள் என்று நம்பி இடுப்பைப் பிடித்தபடி மாடியேறி வந்து ஏமாந்தவர்களும் உண்டு. காரணம் வேறு. மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த கிளினிக்கில் அவளுக்குக் கிடைத்தது ஒரு நீளமான பொந்து. மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும். கம்ப்யூட்டர் சுவரோரம் இருக்கும், அவள் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், நோயாளி அவளுடைய முதுகைப் பார்ப்பார். தொட்டுப் பார்த்து, பிரஷர் எடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாளானால் நோய்க்குறிப்பு முடியும்வரை திரும்ப மாட்டாள்.

பட்டப்பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. சிரித்துவிட்டுப் போனாலும் உள்ளே சுருக்கென்று தைக்கும். கிளினிக்கில் முடியாத குறிப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டுவாள். "சின்ன வயசை நினைச்சா எனக்கும் உன் முதுகுதாம்மா ஞாபகம் வருது" என்று மகள் ஒருநாள் பாதி விளையாட்டாகச் சொன்னாள். மீதிப் பாதியை அவளால் விழுங்க முடியவில்லை.

அதனால் அந்தக் கருவி வந்தபோது கிளினிக்கில் அவள் அளவுக்கு யாரும் சந்தோஷப்படவில்லை. பார்க்கச் சின்ன போன் மாதிரி மேசையில் கிடக்கும். டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, செயற்கை நுண்ணறிவு தானே குறிப்பு எழுதிவிடும். பேச்சுவாக்கில் வரும் மருமகள் சண்டையையும் வீட்டு வாடகையையும் ஒதுக்கிவிட்டு, நோயை மட்டும் பொறுக்கியெடுத்து வரிசையாக அடுக்கிக் கொடுக்கும். அவள் படித்துப் பார்த்துச் சரி என்று அழுத்தினால் போதும். நாற்காலியை நிரந்தரமாகத் திருப்பிப் போட்டாள். வருகிறவர்களை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "டாக்டருக்குக் கன்னத்துல மச்சம் இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் ஒரு பஸ் டிரைவர். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளிடம் வெகுகாலமாக வந்துகொண்டிருந்தவர் தெருமுனை சலூன்காரர். பிழைப்பே பின்னந்தலைகளோடு பேசுவதுதான். எதிரே உட்கார வைத்தால் வாயிலிருந்து ஒற்றை வார்த்தையைப் பிடுங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அவள் திரும்பித் தட்ட ஆரம்பித்ததும்தான் அவருக்கு நாக்கு அவிழும். முதலில் எப்போதும் அதே நக்கல்.

"பின்பக்கம் யாரு டாக்டர் வெட்டிவிட்டது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"என் பொண்ணு. பேசாம இருங்கண்ணே, இல்லேன்னா உங்க சர்க்கரையைக் கூட்டி எழுதிருவேன்."

விஷயம் அதற்குப் பிறகு வரும். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, மூத்தவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாமே அந்த டொக் டொக் சத்தத்துக்கு நடுவில் வந்தவைதான். அவள் திரும்பாமலே "எவ்வளவு நாளா?" என்பாள். அவரும் கத்தரி பிடித்து நிற்கிற மாதிரி, கை வேலையாக இருக்க வாய் பேசுகிற மாதிரி, நிதானமாகச் சொல்வார். இப்படி ஒரு பழக்கம் தங்களுக்குள் இருப்பதே இருவருக்கும் தெரியாது.

கருவி வந்தபிறகு முதல்முறை வந்தபோது அவரிடம் முறைப்படி கேட்டாள். "நாம பேசுறதை இது கேட்டு எழுதும். சம்மதமாண்ணே?"

"கேக்கட்டுமே. நம்ம கடையில பேசாததா?"

தோள் வலிக்கிறது என்றார். பார்த்தாள், மருந்து சொன்னாள். பிறகு அவர் கண்ணையே பார்த்து, சிரித்த முகமாக, "வேற ஏதாவது இருக்கா?" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்துக்கொண்டார். "வேற ஒண்ணுமில்ல டாக்டர்." அவர் எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் குறிப்பு தயாராக இருந்தது.

அடுத்தமுறை மாத்திரைச் சீட்டு வாங்க வந்தார். மறுபடி அதே கேள்வி, அதே பதில். ஆனால் போகிறவர் கதவைப் பிடித்தபடி நின்று சட்டைக் காலரை நீவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. இங்க காத்து நல்லா வருது."

அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு அவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். சலூன்காரர் கடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குடலில் கட்டி. ஈரல் வரைக்கும் போய்விட்டது.

"மாசக்கணக்கா வெளிய போறப்ப ரத்தம் போயிருக்கு. என்கிட்ட மூச்சு விடல. உங்க டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன். சொல்லத்தான் ரெண்டு தடவை போனேன்னாரு."

"மெஷின் கேக்குதுன்னு கூச்சப்பட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

"மெஷினா? அதை அவரு ஒரு ஆளாவே மதிக்கல." அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்பல்லாம் நேரா முகத்தையே பாக்குறீங்களாம். ஒரு பொம்பள முகத்தப் பாத்து இதை எப்படிச் சொல்றதுன்னாரு."

அந்த அம்மா குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பழியைக் கருவியின் தலையில் போடவும் வழியில்லை, சொன்னதை அது பிசகாமல் எழுதியிருந்தது. சொல்லாததற்கு அது என்ன செய்யும்? இத்தனை வருஷமாகத் தன் குறை என்று எதை நினைத்து வெட்கப்பட்டாளோ, அதை நம்பித்தான் ஒரு மனிதர் மாடியேறி வந்துகொண்டிருந்தார். அது தெரியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டதை அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு ஒருநாள் அவரே வந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அவள் கருவியை அணைத்து இழுப்பறைக்குள் வைத்தாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கம்ப்யூட்டரைப் போடக்கூடத் தோன்றவில்லை. விசைப்பலகையை இழுத்து வைத்து, கைக்கு வந்ததைத் தட்டினாள்.

பழைய டொக் டொக் சத்தம் கிளம்பியது.

"பின்பக்கம் யாரு டாக்டர் வெட்டினது?"

"அதே ஆள்தான்."

"இன்னும் கத்துக்கலையா?" சிரிக்கப் பார்த்து இருமினார். "திரையில ஒண்ணும் வரலையே."

"வரும். நீங்க சொல்லுங்க."

"வீட்டுல நான் தேறிருவேன்னு நம்பிக்கிட்டு இருக்கா. தேறமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"எவ்வளவு நாளா?" பழைய கேள்வி தானாக வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பலேருந்தே. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அணைந்து கிடந்த கறுப்புத் திரையில் அவர் முகம் தெரிந்தது, சலூன் கண்ணாடியில் தெரிவதுபோல. அப்படியென்றால் தன் முகமும் அவருக்குத் தெரியும். அவள் சட்டென்று விசைகளின் மேல் குனிந்துகொண்டாள்.

"முகத்தப் பாத்துத்தான் சொல்லணும்னு இல்லண்ணே," என்றாள். "அவங்க துணி மடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்குறப்ப சொல்லுங்க."

அவள் விரல்கள் ஓய்ந்தன.

"நிறுத்திராதீங்க டாக்டர்," என்றார் அவர். "தட்டுங்க."