பேரியம் என்று சத்தியம் செய்தவர்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முட்டைக்கோசுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து சரக்கு கொண்டுவந்த லாரி டிரைவர் ஒருவர், "சிஸ்டர், உங்க ஞானசௌந்தரி டீச்சர் தவறிட்டாங்களாம்ல?" என்றார். "யாருய்யா சொன்னது? வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். அன்று மாலையே கொடைக்கானலுக்கு ஏறிப்போய், பெட்டிக்குள் கிடந்த அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். டீச்சரும் அப்படித்தான். உறுதி செய்யாமல் எதையும் நம்பாத மனுஷி.

அவரிடம் வேதியியல் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் அவருடைய மாணவி அல்ல. கொடைக்கானலில் அவர் பாடம் நடத்திய பள்ளிக்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எழுபதுகளில் அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தேன். உப்புப் பரிசோதனை வகுப்பில் அவர் போடும் சத்தம் எங்கள் வார்டுவரை கேட்கும். நீலத்தைக் கண்டதுமே 'செம்பு' என்று எழுதிவிடும் பெண்களிடம், "நிறத்தப் பாத்துப் பொண்ணு எடுக்காதீங்கடி! குணத்தையும் விசாரிச்சிட்டுப் பேர் வைங்க" என்பார். நாங்கள் ஜன்னலோரம் நின்று சிரிப்போம்.

மேல்மலையில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் முற்பகலில், பனி விலகுவதற்குள், ஒரு லாரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பூண்டு மூட்டைகளின்மேல் ஆட்கள் கிடந்தார்கள். வாந்தி, பேதி. கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்க முடியவில்லை, கழுத்து நிற்கவில்லை. கண்கள் மட்டும் விழித்து என்னையே பார்த்தன. அத்தனை வருஷ உத்தியோகத்தில் அப்படி நான் பயந்ததில்லை. எல்லோரும் பூண்டுக் காட்டில் வேலைக்கு நடுவே பஜ்ஜி தின்றவர்கள். பஜ்ஜி போட்டவள் அந்த நிலத்துக்காரரின் மனைவி பழனியம்மா. அவள் புருஷன்தான் முதல் கட்டிலில் கிடந்தார். அவள் மட்டும் தின்றிருக்கவில்லை.

டாக்டருக்கு என்ன விஷம் என்று பிடிபடவில்லை. பூச்சிமருந்து என்றால் அடையாளங்கள் ஒத்துவரவில்லை. எங்களிடம் பரிசோதனைக்கூடம் கிடையாது. டீச்சருக்கு ஆள் அனுப்பினோம். அமிலப் புட்டிகளையும் விளக்கையும் கூடையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். மிச்சமிருந்த கரைத்த மாவை அமிலத்தில் கலக்கி வடிகட்டி, கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினார். சாப்பாட்டு உப்பின் மஞ்சள்தான் முதலில் எரிந்தது. நீலக் கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு மறுபடி காட்டினார். மஞ்சள் மறைந்து பச்சை தெரிந்தது.

"மயில்துத்தம்! உருளைக்கு அடிக்கிற மயில்துத்தந்தான்!" என்று வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். டாக்டரும், "சொல்லுங்க டீச்சர், செம்புதானே? அதுக்கான வைத்தியத்தை ஆரம்பிச்சிடுறேன்" என்றார்.

"இன்னும் பேர் வைக்கல" என்றார் டீச்சர், நிமிராமலே. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூடையைத் தூக்கி எறிந்திருப்பேன். அம்மோனியா விட்டார். செம்பாயிருந்தால் கருநீலம் வரவேண்டும். வரவில்லை. வேறொரு குழாயில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பால் திரிந்ததுபோல வெள்ளையாக இறங்கியது. அதில் வேறு அமிலம் ஊற்றியும் கரையவில்லை.

"பேரியம். எலிமருந்து" என்றார். "இந்தக் குழாய்க்குள்ள நடந்தது அவங்க வயித்துக்குள்ளயும் நடக்கணும் டாக்டர். கரையாமப் போச்சுன்னா உடம்புல சேராது. சிஸ்டர், பேதி உப்பு இருக்கா? அதுலயும் இதே கந்தகச் சத்துதான்."

இருந்தது. டப்பாவோடு ஓடினேன். விழுங்க முடிந்தவர்களெல்லாம் பிழைத்தார்கள். முதல் கட்டிலில் கிடந்தவருக்கு விழுங்க முடியவில்லை.

பழனியம்மாதான் என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. புருஷன் அடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் புருவத்துக்குத் தையல் போட்டவளே நான்தான். எனக்கும் சந்தேகம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. வீட்டு மாவு டின்னை டீச்சர் சோதித்தார். அதில் ஒன்றுமில்லை. "அப்ப, மாவு கரைக்கும்போதுதான கலந்திருக்கா!" என்றார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் குழாய்க்குத் தெரியலன்னா இல்லைன்னு அர்த்தமில்ல" என்றார். இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு டின் மாவு, எண்ணெய், மாவு அளந்த உழக்கு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கல்லூரியில், தீயின் நிறத்தைப் பிரித்து, நம் கண்ணுக்கு எட்டாத அளவையும் காட்டிக்கொடுக்கும் கருவி இருந்தது.

டின் மாவு கருவிக்கும் சுத்தம். உழக்கின் அடி இடுக்கில் பேரியம் இருந்தது.

அந்த உழக்கு பூண்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கிடப்பது. எலிமருந்தை அதில் அளப்பவர் செத்துப்போன புருஷன். அவர் அதில் மிச்சம் வைத்திருந்த பொடியைக் கவனிக்காமல் பழனியம்மா அதன்மேல் மாவை அள்ளியிருக்கலாம். தெரிந்தே அளந்தும் போட்டிருக்கலாம். இரண்டுக்கும் உழக்கு ஒன்றுதான்.

"நீங்க என்னதான் சொல்றீங்க?" என்று இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "ஐயா, பேரியம்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க, பண்றேன். பழனியம்மான்னு பண்ணமாட்டேன். அதுக்கு என்கிட்ட டெஸ்ட் இல்ல" என்றார் டீச்சர்.

சாட்சியில்லை என்று அவளை விட்டார்கள். ஊர் டீச்சரை விடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் செத்த எலி கிடக்கும். கூரையில் கல் விழும். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல டீச்சர்? யாருக்காக இந்தப் பாடு?" என்று நான் திட்டுவேன். எலியை முறத்தில் அள்ளிக்கொண்டே, "தெரியாததச் சொல்லிட்டு நான் எப்படித் தூங்குவேன் சிஸ்டர்?" என்பார். தெரிந்துகொள்ள ஆசையில்லையா என்று ஒருமுறை கேட்டேன். முறத்தைக் கழுவப் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பழனியம்மா வந்திருந்தாள். இப்போது ஆயக்குடியில் கொய்யா தரம் பிரிக்கும் வேலை. எல்லோரும் போன பிறகும் குழிமேட்டில் நின்றாள். மழை மூடிக்கொண்டு வந்தது.

"டீச்சர் எங்கிட்ட ஒருவாட்டிகூடக் கேக்கல சிஸ்டர்" என்றாள்.

"என்னத்த?"

"நீதான் செஞ்சியான்னு." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவங்க கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன். நீங்க கேளுங்க, சொல்லிப்புடுறேன்."

கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. வாயை அடக்கத் தெரியாதவள் என்று பேரெடுத்தவள் நான்.

"மழைக்கு முன்ன வெரசா கெளம்பு தாயி. பஸ்ஸு போயிரும்" என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான்.