பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

எங்கள் ராக் பேண்ட் இரண்டரை வருடம் உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் எங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன ஒரே ரசிகர், சானமாவு காட்டோரம் ராகி போட்டிருந்த ஒரு விவசாயி. அவரும் யானைக்காகத்தான் கூப்பிட்டார்.

மூன்று பேர் நாங்கள். டிரம்மர் விருதுநகர்ப் பக்கத்துக்காரன், ஓசூரில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. கிட்டார் வாசித்தவன் கிருஷ்ணகிரி பாய் வீட்டுப் பையன், டூல் ரூமில் இருந்தான். நான் பேஸ் கிட்டாரும் பாட்டும். ஷிப்டைப் பற்றியும், ஏறவே முடியாத கம்பெனி பஸ்ஸைப் பற்றியும் நாங்களே எழுதிய பாட்டுகள். எங்கள் பாட்டை யாரும் பாட மாட்டார்கள் என்பதால் யாருடைய பாட்டையும் நாங்கள் பாடவில்லை.

என் உண்மையான வேலை பேச்சு. ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் கிட்டார்காரன் கம்பியை முறுக்கிச் சுதி சேர்ப்பான். அந்த அரை நிமிட மௌனம் எனக்குத் தாங்காது. எதையாவது உளறி ஆட்களைச் சிரிக்க வைத்துவிடுவேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வாசித்தபோது, நான்காவது பாட்டு முடிந்ததும் கேன்டீன்காரர் மேடையோரம் வந்து, "மைக் டெஸ்டிங் போதும் தம்பி, கச்சேரிய எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அன்றைக்கும் கைதட்டல் என் பேச்சுக்குத்தான்.

வாடகை அறையில் பயிற்சி செய்தோம். வீட்டுக்கார அம்மா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டி அனுப்பினார். பிறகுதான் டிரம்மரோடு வேலை செய்த ஒருவர், சானமாவு காட்டோரம் தன் சொந்தக்காரரின் ராகிக் கொல்லையில் மோட்டார் ரூம் சும்மா இருக்கிறது என்றார். காலை ஷிப்ட் முடித்து அங்கே போய்ப் பொழுது சாயும்வரை வாசித்தோம். கொல்லைக்காரர் காவல் பரண் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே கேட்டார்.

"தெனமும் வர்றீங்களாப்பா?"

"நெசமாவே புடிச்சிருக்காண்ணா?"

"புடிக்கறதா? தகரத்த ரோட்டுல இழுத்துனு போற மாதிரி இருக்குது. ஆனா நேத்து சாமி இந்தப் பக்கம் வரலயே!"

யானை என்று அவர் வாயில் வராது. சாமிதான். ராகி முற்றுகிற மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து அவை கூட்டமாக இறங்கி வரும். இருட்டத் தொடங்கும் நேரம்தான் ஆபத்து.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பாட்டு முடிந்ததும் யாரும் மூச்சுவிடக் கூடாது. அவர் வலது கையைத் தூக்கி நிறுத்தி, காட்டுப் பக்கம் காதைக் கொடுப்பார். ஒரு கிளை முறிகிறதா, ராகித் தட்டை சரசரக்கிறதா என்று பார்ப்பார். "ம், அடிங்க" என்று கை இறங்கினால்தான் அடுத்த பாட்டு. எங்கள் கச்சேரியில் அவ்வளவு கூர்மையாக யாரும் காது கொடுத்ததில்லை. நாங்கள் நிறுத்திய பிறகு என்பதுதான் சங்கடம். அந்த மௌனத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெங்களூரில் ஒரு கல்லூரியின் ராக் போட்டிக்கு எங்களை எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம். கொல்லைக்காரர் முகம் சுருங்கியது.

"அன்னிக்கு ஒரு நாளு நான் என்னா பண்றது?"

டிரம்மர்தான் சொன்னான். "பாட்ட ரெக்கார்ட் பண்ணி ஆட்டோல போட்டு விட்ருவோம்ணே. மிஷினுக்கு நாங்க பக்கத்துலயேவா நிக்கோம்?"

எங்களுக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. மெஷினோடு வாழ்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டு பக்கமும் தானே மாறி மாறி ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்று கிட்டார்காரனிடம் இருந்தது. அதைக் குழாய் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டால் விடிய விடிய ஓடும். வியாழக்கிழமை கொல்லையிலேயே பதிவு செய்தோம். எனக்கோ அது எங்கள் முதல் ஆல்பம். முதல் பாட்டு முடிந்ததும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"டேய், நடுவுல கேப் விடுடா. அவரு கேக்கணும்ல?" என்றான் கிட்டார்காரன்.

"கேப் விட்டா இங்க ஆளே இல்லன்னு சாமி கண்டுபுடிச்சிடும்டா. பேசினாத்தான் மனுசன் இருக்கான்னு பயம் வரும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்த்துச் சொன்னேன்: "சாமிகளே, அடுத்த பாட்டக் கேட்டு எங்க மேனேஜரே லீவ் போட்டுட்டு ஓடிட்டாரு. நீங்க எம்மாத்திரம்? வந்த வழியே போயிடுங்க!"

கொல்லைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பீடிக்காரச் சிரிப்பு, கடைசியில் இருமலில் போய் முடியும். அதுவும் டேப்பில் ஏறியது. பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே நான் பேசினேன். ஒரு நொடிகூட இடம் விடவில்லை.

பெங்களூர் மேடையில் அதே ஜோக்கைச் சொன்னேன். மொழி புரியாமலே பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் வாழ்க்கையில் முதல்முறையாக எங்களைப் பார்த்து "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். மறுபடியும் வாசித்தோம்.

ஞாயிறு காலை பஸ்ஸைவிட்டு இறங்கி, அவரிடம் சொல்ல நேராகக் கொல்லைக்குப் போனோம். தூரத்திலேயே எங்கள் பாட்டு கேட்டது. "இன்னும் ஓடுதுடா!" என்று டிரம்மர் சந்தோஷப்பட்டான். கிட்டே போனால் கூட்டம். காக்கிச் சட்டைகள். ராகி பாதிக்கு மேல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அவரைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள், உயிரில்லாமல்.

பக்கத்துக் கொல்லைக்காரர் வனக்காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து பொழுது எறங்கற நேரம் சார். பரண்ல இருந்து தண்ணி குடிக்க எறங்கி இருக்காரு. ஒத்தையா ஒண்ணு பின்னாடி வந்து நின்னுருக்குது. இந்தச் சத்தத்துல அவருக்குக் காதுலயே வுழல."

டிரம்மர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போது பாட்டு முடிந்து என் குரல் வந்தது. சாமிகளே, எங்க மேனேஜரே லீவ் போட்டுட்டு... அடுத்து அவருடைய சிரிப்பு. மிதிபட்ட கொல்லை முழுவதும் கேட்டது, கடைசி இருமல் வரை. நான் ஓடிப்போய் டேப்பில் கை வைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நிறுத்தாதீங்க தம்பி."

வனக்காவலர் என் தோளைத் தட்டினார். "அது ஒத்தை ஆனைப்பா. சத்தத்துக்கெல்லாம் பயப்படாது. நீங்க இருந்திருந்தா உங்களையும் சேத்துத்தான்." நல்ல மனிதர். அந்த வார்த்தையைப் பல வருடம் மாத்திரை மாதிரி போட்டுக்கொண்டேன். வேலை செய்யவில்லை.

பேண்டைக் கலைக்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க ரசிகர் யார் இருக்கிறார்? டிரம்மர் ஊருக்குப் போய்விட்டான். கிட்டார்காரன் கிருஷ்ணகிரியில் அப்பாவின் கடையில் உட்கார்ந்தான். நான் மட்டும் கம்பெனி விழாக்களில் மைக் பிடிக்கிற ஆளாக மிஞ்சினேன். இப்போதும் ஜோக் சொல்வேன். எல்லாரும் சிரித்து ஓயும்போது, பின்வரிசையில் எங்கோ ஒரு சிரிப்பு இருமலாக முடிகிறதா என்று காது தானாகப் போகிறது. சில நாள் முடிகிறது.

மூன்று வருடம் கழித்து கொல்லைக்காரர் மனைவி ஆளனுப்பினார். டேப் தேய்ந்து இழுக்கிறதாம், சிடியில் ஏற்றித் தர முடியுமா என்று. தெரிந்தவர் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் சத்தமெல்லாம் மேடு மேடாகத் தெரிந்தது. எங்கேயும் ஒரு சமதரை இல்லை. என் பேச்சை வெட்டி அங்கே மௌனம் வைக்க முடியும், அரை நிமிட வேலை. அவர் சிரிப்பு என் பேச்சின் மேலேயே ஏறி இருந்தது. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் போய்விடும். அப்படியே சிடி போட்டேன்.

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் தங்கை வீட்டோடு இருந்தார் அந்த அக்கா. சிடியைக் கையில் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை ஒருவழியாக ஆரம்பித்தேன்.

"அக்கா, நடுவுல நான் பேசாம இருந்திருந்தா..."

"தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும். அவரு சிரிக்கற எடத்துக்குக் கொண்டு போங்க."

கொண்டு போனேன். சிரிப்பு வந்தது, இருமல் வந்தது. அதற்கு மேல் என் குரல் தொடர்வதற்குள் அக்காவே நிறுத்தினார். பிறகு வலது கையைத் தூக்கினார், பாட்டு முடிந்ததும் கொல்லைக்காரர் தூக்குவாரே, அதே மாதிரி.

நான் வாயைத் திறக்கவில்லை. நெடுநேரம் அந்தக் கை இறங்கவில்லை.